கற்பனை வராது என்பவர்களுக்கு ஐந்து புள்ளிப் பாடம்

"எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே ஏழெட்டுப் பேருக்குக் கோலம் போடச் சொல்லித் தருகிறேன். கோலம் வராது என்று அவர்கள் சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தானே வருகிறார்கள். சொந்தமாக யோசிக்க வராது என்கிறார்கள். பார்த்துப் போடுவேன், நானாகப் போடத் தெரியாது என்று.

என் அம்மாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். "நான் என்னத்தப் புதுசாப் போட்டேன், இருக்கறதத்தான் போடறேன்" என்பாள். அவள் காலத்துக்குப் பிறகு அவளுடைய கோல நோட்டு என்னிடம் வந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் புள்ளிகள், ஓரத்தில் "11-6 இடுக்கு" என்பது போன்ற குறிப்புகள், அதன் கீழேயே பால் கணக்கு. மார்கழி மாதத்துப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய கோலங்களைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியிருந்தாள். ஒருநாள் உட்கார்ந்து, ஒட்டியிருந்த கோலத்தையும் பக்கத்தில் அவள் பென்சிலால் போட்டிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட அப்படியே இல்லை. 15 புள்ளிக் கோலம் 11 ஆகக் குறைந்திருந்தது. எங்கள் வாசல் குறுகல், அதிலும் ஒரு பக்கம் சாக்கடை மூடி. நான்கு மூலையிலும் இருந்த தாமரைகளில் சாக்கடைப் பக்கத்து இரண்டை எடுத்துவிட்டு, அங்கே கோட்டை வளைத்துத் திருப்பியிருந்தாள். திருப்பிய இடத்தில் மறுபடி மறுபடி அழித்துப் போட்டதில் காகிதமே மெலிந்து போயிருந்தது.

வாசலுக்குத் தக்கபடி ஒரு வடிவத்தை உடைத்து, உடைந்த இடத்தைத் தானே யோசித்து மூடியிருக்கிறாள். படைப்பாற்றல் என்று பெரிய பேர் வைத்திருக்கிறோமே, அது இதுதான். தன்னிடம் அது இருந்தது அவளுக்குத் தெரியாமலே போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தினம் அரை மணி நேரம், 40 நாள். ஆண், பெண், வயது எதுவும் பொருட்டில்லை. ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து புள்ளியில் தொடங்கி, இதுவரை நீங்கள் எங்கும் பார்த்திராத ஒரு கோலத்தை நீங்களே போடுவதுவரை கொண்டு போய் விடுகிறேன்.

எல்லோரிடமும் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் கடலோரத்தில் பிளோம்போஸ் என்று ஒரு குகை. அங்கே கிடைத்த ஒரு சிறு கல் துண்டில், காவிக்கல்லால் இழுத்த கோடுகள் இருக்கின்றன. ஒரு பக்கமாக ஆறு கோடு, அவற்றைக் குறுக்கே வெட்டி மூன்று கோடு. வயது சுமார் 73,000 ஆண்டுகள். நாம் கோலத்துக்கு ஓரம் கட்டுகிறோமே, அதே காவி நிறம். வயிற்றுக்கும் உடம்புக்கும் எந்த உபயோகமும் இல்லாத ஒன்பது கோட்டை ஒரு கை உட்கார்ந்து இழுத்திருக்கிறது.

பசிபிக் கடலில் வனுவாட்டு தீவுகளில் மணலில் விரலால் கட்டம் போட்டு, அதன் மேல் விரலை எடுக்காமல் ஒரே கோட்டில் உருவம் வரைகிறார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைத்துக்கொண்டே கதை சொல்கிறார்கள். படத்தில் பார்த்தால் நம்முடைய சிக்குக் கோலம் என்றே நினைப்பீர்கள். எங்கெங்கோ இருக்கிற மூன்று ஜனங்களின் விரல் ஒரே விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மூன்று வயதையொட்டிக் குழந்தைகள் மூடிய வட்டம் போடக் கற்றுக்கொள்கிறார்கள். போட்ட உடனே அதற்கு அம்மா, நிலா, தோசை என்று பேர் வைத்துவிடுவார்கள். எங்கள் தெருக் குழந்தை ஒன்று, தூறல் நின்றதும் "மழை அணைஞ்சிடுச்சு" என்றாள். விளக்கு அணையும், அடுப்பு அணையும், ஆகவே மழையும் அணையலாம். அந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. கேட்ட சொற்களிலிருந்து கேட்காததைச் செய்யும் அந்தச் சக்தியோடுதான் நாம் எல்லோரும் பேசவே கற்றோம். வளர வளர, தப்பாகிவிடுமோ என்ற பயம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த 40 நாளில் அந்தப் பயத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கப் போகிறோம்.

வாங்க வேண்டியது, கை பழக வேண்டியது

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான். ஒரு சிலேட்டும் நாலு நிறத்தில் சாக்பீஸும். கோலமாவு ஒரு கிலோ. கடையில் கிடைப்பது வெள்ளைக் கல்லைப் பொடித்தது. அதோடு பச்சரிசி மாவைக் கலந்தால் எறும்புக்கும் ஆகும். மாவு நைஸாக இருக்கக் கூடாது. இட்லிப் பொடிபோல லேசாகக் குறுகுறுவென்று இருந்தால்தான் விரலிலிருந்து சீராக இறங்கும்.

நோட்டை எடுத்த உடனே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இடப்பக்கத்தில் பார்த்துப் போடுவது. வலப்பக்கத்தை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள். அதன் வேலை பிறகு வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி எழுதுங்கள்.

கைக்கு இரண்டே பழக்கம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைக் கிள்ளிப் பிடித்து, இரண்டையும் லேசாக உரசிக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். தரைக்கும் விரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். தரையில் விரல் பட்டால் கோடு திட்டுத் திட்டாக விழும். தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் இருக்கும்போதே, ஆனால் தண்ணீர் தேங்காதபோது போட வேண்டும். அப்போதுதான் மாவு தரையைப் பிடிக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் டைல்ஸ் தரையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதன் மேல் போடலாம். முதுகு வலி உள்ளவர்கள் குனிய வேண்டாம், மணை போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் வெறும் கோடு. நேர்க்கோடு, வளைவு, சுழி. கோணலாகத்தான் வரும். அழகு பார்க்காதீர்கள், மாவு இறங்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒன்றாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்து புள்ளி

நாலாம் நாள் சிலேட்டை எடுங்கள். நடுவில் ஒரு புள்ளி. மேலே, கீழே, இடது, வலது என்று அதே தூரத்தில் நான்கு. கோலக் கணக்கில் சொன்னால் 1-3-1, நேர்ப்புள்ளி. புள்ளிகளை நேர் வரிசையில் வைத்தால் நேர்ப்புள்ளி. ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி விழுந்தால் இடுக்குப் புள்ளி.

இப்போது மேல் புள்ளியின் தலையில் தொடங்குங்கள். அதன் இடப்புறமாக இறங்கி, மேல் புள்ளிக்கும் நடுப் புள்ளிக்கும் இடையிலுள்ள சந்தில் சாய்வாக நுழைந்து வலப்பக்கம் வாருங்கள். நடுப் புள்ளியின் வலது தோளை உரசிக்கொண்டு, வலப் புள்ளிக்கு முன்னாலுள்ள சந்தில் சாய்வாக இறங்கி, அந்தப் புள்ளியின் அடிப்பக்கமாகப் போய்ச் சுற்றி மேலே ஏறித் திரும்பி வாருங்கள். வந்த சந்திலேயே போட்ட கோட்டை வெட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அடுத்தது கீழ்ப் புள்ளி: அதன் இடப்புறமாக இறங்கி, சுற்றி வலப்புறமாக ஏறி, மறுபடி சந்தில் வெட்டி இடது பக்கம். இடப் புள்ளியின் மேல்பக்கமாகப் போய்ச் சுற்றி அடிவழியாக வந்து, வெட்டி, மேலே ஏறுங்கள். மேல் புள்ளியின் வலப்புறமாக ஏறினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

சாக்பீஸை ஒரு தரம்கூடத் தூக்காமல் ஐந்து புள்ளியும் கோட்டுக்குள் வந்துவிட்டன. முதல் தடவை வழி தவறும். நாலாவது தடவை கை தானே போகும். கை தானே போக ஆரம்பிக்கிற அந்த நிமிஷத்தை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் மனசுக்கு வேடிக்கை பார்க்க நேரம் கிடைக்கும். எதையும் புதிதாக யோசிப்பதற்கு முன்னால் கைக்குப் பழகியது கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். சமையலிலும் அப்படித்தான், உப்பும் புளியும் கைக்கணக்காக வந்தவர்கள்தான் குழம்பில் தைரியமாக விளையாடுகிறார்கள்.

சிக்குக் கோலத்துக்குக் கம்பிக் கோலம் என்றும் பேர் உண்டு. அதன் சட்டம் சின்னது. எந்தப் புள்ளியும் கோட்டுக்கு வெளியே விட்டுப்போகக் கூடாது. கோடு புள்ளியின் மேல் ஏறக் கூடாது. போன வழியிலேயே திரும்பப் போகக் கூடாது, வெட்டிக்கொண்டு போகலாம். எந்த முனையும் தொங்கலில் நிற்கக் கூடாது. இவ்வளவுதான். 1974இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோலக் கோலத்துக்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணம் எழுதினார்கள். வாசலில் நடப்பது வெறும் அலங்காரம் அல்ல, அதற்குள் விதி இருக்கிறது, விதியிலிருந்து புதிது புதிதாகப் பிறக்கிறது என்று காட்டிய வேலை அது. விதி என்றதும் கற்பனைக்கு விலங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். வெறும் வெள்ளைத் தாளைக் கொடுத்து "ஏதாவது போடுங்கள்" என்றால்தான் எல்லோருக்கும் கை உறைந்துபோகிறது. ஐந்து புள்ளி வைத்துக் கொடுத்தால் குழந்தைகூடத் தொடங்கிவிடுகிறது.

பத்து நாள் காப்பி அடியுங்கள்

அடுத்த பத்து நாள் பார்த்துப் போடுவது மட்டும். வெட்கப்பட வேண்டாம். அம்மாவின் நோட்டு, பக்கத்து வீட்டு வாசல், கோயில் பிராகாரம், பத்திரிகை, கைபேசி, எதிலிருந்தும் எடுக்கலாம். தினம் ஒன்று, நோட்டின் இடப்பக்கத்தில். 5-3 இடுக்குப் புள்ளியில் தொடங்கி (வரிசையாக 3, 4, 5, 4, 3) 7-4 வரை போனால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. பார்த்துக்கொண்டே போடாதீர்கள். ஒரு நிமிஷம் பாருங்கள், மூடி வையுங்கள், பிறகு போடுங்கள். மாட்டிக்கொண்டால் மறுபடி திறந்து பாருங்கள். எங்கே மாட்டினீர்களோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. நினைவு வழுக்குகிற இடத்தில் உங்கள் கை தானாக ஏதாவது போட்டு நிரப்பப் பார்க்கும். அது தப்பு என்று உடனே அழிக்காதீர்கள். அதை வலப்பக்கத்தில் போட்டு வையுங்கள். என் மாணவர்கள் பலருக்கு முதல் சொந்தக் கோலம் இப்படி மறந்துபோன இடத்தில்தான் கிடைத்தது.

ஒன்றை மட்டும் மாற்றுவது

இதுதான் இந்தப் பாடத்தின் இதயம். அவசரப்படாமல் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து புள்ளிக் கோலத்துக்குத் திரும்புவோம். அதில் நான்கு சந்து இருக்கிறது. ஒவ்வொரு சந்திலும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மேல் சந்தில் மட்டும் வெட்ட விடாமல், இரண்டு கோட்டையும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டித் திருப்பி விடுங்கள். நடுவில் ஒரு சுவர் வைத்தாற்போல. மேல் புள்ளி தனி வட்டத்துக்குள் பிரிந்துவிடும், மற்ற நான்கும் ஒரே கோட்டில் நிற்கும். கோலத்தின் முகமே மாறிவிடுகிறது பாருங்கள். சந்துக்கு இரண்டு வழி, வெட்டலாம் அல்லது விலகலாம். நான்கு சந்துக்கு மொத்தம் 16 கோலம். திருப்பிப் பார்த்தால் சில ஒன்றுபோலவே இருக்கும், பரவாயில்லை. பதினாறையும் வலப்பக்கங்களில் போட்டு முடியுங்கள்.

அடுத்தது 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. சந்து 7. எல்லாச் சந்திலும் சாய்வாக வெட்டிக்கொண்டு போங்கள், ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றித் திரும்புங்கள். ஆறு புள்ளியையும் ஒரே கோடு முடித்துவிடும். இதில் ஏதாவது ஒரு சந்தில் விலகிப் பாருங்கள். எந்தச் சந்தானாலும் சரி, கோடு இரண்டாகும்.

அப்புறம் 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. இங்கே எல்லோரும் ஒரு தடவை திகைப்பார்கள். எங்கே தொடங்கினாலும் பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள், புள்ளிகள் மீதம் இருக்கும். தப்பு உங்களுடையதல்ல. ஒன்பது புள்ளிக் கட்டத்தை ஒரே கோட்டில் அப்படி முடிக்க முடியாது, மூன்று கோடு வேண்டும். மூன்றையும் மூன்று நிறச் சாக்பீஸில் போடுங்கள். இரண்டு நிறங்கள் வெட்டுகிற சந்து ஒன்றைத் தேடி, அங்கே வெட்டாமல் விலக்கி விடுங்கள். அந்த இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். மீதியிருக்கும் நிறத்தோடு இன்னொரு சந்தில் அதையே செய்தால், மொத்தமும் ஒரே கோடு. எந்த இரண்டு சந்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்குத் தக்கபடி உங்கள் கோலம் வேறு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கோலம் வேறு. 12 சந்து இருக்கிறது. வெட்டுவதும் விலகுவதுமாக 4,096 வகை. ஒன்பதே புள்ளிக்கு இவ்வளவு. ஒரு மனுஷன் நாளுக்கு ஒன்று போட்டாலும் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

எங்கள் மாடிக்கு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். முதல் நாளே, "எனக்குக் கணக்கு வரும்மா, கற்பனை சுத்தமா வராது" என்று சொல்லிவிட்டார். "சரி சார், கணக்காவே பாருங்க" என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். கட்டத்தை மாற்றி மாற்றிப் போட்டு, எத்தனை கோடு வருகிறது என்று மட்டும் எழுதி வரச் சொன்னேன். அடுத்த வாரம் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். 3க்கு 4, ஒரு கோடு. 4க்கு 4, நான்கு. 4க்கு 6, இரண்டு. 6க்கு 9, மூன்று. 5க்கு 7, ஒன்று. மாடிப் படியிலேயே நின்று, மூச்சு வாங்க, "மீப்பெரு பொது வகுத்திம்மா! ரெண்டு எண்ணுக்கும் மீ.பொ.வ. எதுவோ அத்தனை கோடு!" என்றார். கணிதத்தில் இது தெரிந்த விஷயம்தான். ஆனால் அவருக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகத்திலும் பார்க்கவில்லை. குனிந்து போட்டுப் போட்டு அவராகவே கண்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மனிதருக்குக் கற்பனை வராது என்று சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் புதிதா என்பது வேறு கேள்வி. உங்களுக்குப் புதிதாக இருந்தால், அதைக் கண்டபோது உள்ளே நடந்த காரியம் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "இது ஏற்கெனவே இருக்கே" என்ற ஒரு சொல்லில் சுருண்டுவிடுவோம்.

முட்டி நின்றால்

ஒரு இடத்தில் கோடு மூடாது. எப்படித் திருப்பினாலும் ஒரு புள்ளி வெளியே நிற்கும். இருபது நிமிஷம் முயன்று பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். நோட்டைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். வெங்காயம் நறுக்குங்கள், துணி மடியுங்கள், நடந்துவிட்டு வாருங்கள். கைபேசியை மட்டும் எடுக்காதீர்கள். கை வேலையாக இருந்து மனசு சும்மா இருக்கிற நேரத்தில்தான் கோடு தானாகத் திரும்பிக் காட்டும். எனக்குப் பெரும்பாலும் காலையில் வாசல் பெருக்கும்போது வரும். ஆனால் முதல் நாள் இருபது நிமிஷம் மல்லுக்கட்டியிருந்தால்தான் மறுநாள் வரும். மல்லுக்கட்டாமல் காத்திருந்து எனக்கு ஒருநாளும் எதுவும் வந்ததில்லை.

வாசலில் போடும்போது முட்டினால் வேறு வழி. நேரம் இருக்காது, பால்காரர் வந்துவிடுவார். அப்போது இரண்டு புள்ளி கூட வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒன்றை அழித்துவிடுங்கள். வாசல் பரீட்சைத் தாள் அல்ல.

அழிந்து போகட்டும்

புதிதாகப் போட ஆரம்பித்தவர்கள் ஒவ்வொன்றையும் படம் எடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று எடுத்தால் போதும் என்பேன். கோலத்தின் பெரிய உபகாரமே அது நிற்காது என்பதுதான். பத்து மணிக்குள் வண்டிச் சக்கரம் ஏறிவிடும், செருப்புத் தடம் விழுந்துவிடும், எறும்பு கொஞ்சம் எடுத்துப் போகும். நாளைக்கு வெறும் தரை. நன்றாக வந்ததும் போய்விடுகிறது, கோணலாக வந்ததும் போய்விடுகிறது. சாயங்காலத்துக்குள் இல்லாமல் போகிற ஒன்றில் தப்பு செய்ய யாருக்கும் அவ்வளவு பயம் இருக்காது. எழுத வேண்டும், பாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடமும் நான் இதையே சொல்கிறேன். தினம் ஒரு தாள் எழுதிக் கிழித்துப் போடுங்கள், ஒரு மாதத்துக்கு.

பரிசு, பாராட்டு, குழந்தைகள்

இந்தப் பகுதியைப் பெற்றோர் கொஞ்சம் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். எல்லோரும் ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் தானாகவே ஆசையுள்ள குழந்தைகள். சிலரிடம், படம் போட்டால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, யார் தானாக எடுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசுக்கு ஒப்புக்கொண்டு போட்ட குழந்தைகள், மற்றவர்கள் போட்ட நேரத்தில் பாதி அளவுதான் போட்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது.

இதனால் போட்டிக்கே போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். தை மாதம் ஊர் ஊருக்கு நடக்கும் கோலப் போட்டியில் தெருவே சேர்ந்து உட்கார்ந்து போடுகிற சந்தோஷம் எனக்குப் பிடிக்கும். முதல் வருஷம் மட்டும் போட்டி வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு எந்த வருஷமும் "நல்லா போட்டா சாக்லேட்" வேண்டவே வேண்டாம்.

நான் சின்ன வயதில் படித்த பள்ளியில், ஒரு ஆசிரியை என் கோலத்தை வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டி, மையம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் நான் மாவைத் தொடவில்லை. திருமணமாகி வந்த வீட்டில் மாமியாருக்குக் கால் முறிந்தபோதுதான் மறுபடி குனிந்தேன். அவர் திண்ணையில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "போடும்மா, தரை யாரையும் திட்டாது" என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

குழந்தை ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தால், "சூப்பர்" என்று தலையைத் தடவி அனுப்பிவிடாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். "இந்தக் கோடு ஏன் இங்க திரும்புச்சு?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், முழுசாகக் கேளுங்கள். "இது என்ன?" என்று கேட்க வேண்டாம், அது எதையோ போலில்லை என்ற குறையாகக் காதில் விழுகிறது. கோணலை உங்கள் கையால் நேராக்காதீர்கள். வாசலில் ஒரு ஓரத்தை, இரண்டு சாண் இடம் போதும், அவர்களுடையது என்று விட்டுவிடுங்கள். விருந்தாளி வருகிற நாளிலும் அது அவர்களுடையதுதான். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் சொந்தக் கோலம்

முப்பதாம் நாளுக்கு மேல் புள்ளிக் கணக்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாசலை அளந்து பாருங்கள். நடுவில் குழாய் இருக்கிறதா, பக்கத்து வீட்டு வண்டி நிற்கிறதா, படி உடைந்திருக்கிறதா? அந்தத் தடையைச் சுற்றிப் புள்ளி வையுங்கள். நேர் கட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாடி வகுப்பில் ஒரு பெண் துளசித் தொட்டியைச் சுற்றி லாடம்போல் புள்ளி வைத்து, இரண்டு நாள் போராடி ஒரே கோட்டில் மூடினாள். தொட்டி இல்லாத வாசலில் அந்தக் கோலத்துக்கு வேலையே இல்லை, அவ்வளவு அவளுடையது.

சமச்சீர் கெடுகிறதே என்று கவலை வரும். ஒரு பக்கம் மாற்றியதை எதிர்ப்பக்கமும் மாற்றினால் பெரும்பாலும் கண்ணுக்கு அமைதி வந்துவிடும். கோட்டின் எண்ணிக்கை மாறலாம்; மாறினால் மறுபடி சந்து தேடுங்கள். கெட்டபடியே விட்டாலும் சில கோலங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

நாற்பதாம் நாள் நோட்டை முதலிலிருந்து புரட்டுங்கள். எந்தெந்த இடப்பக்கத்துக்கு எதிரே வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கங்களின் தேதியை ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் செருகி வையுங்கள். நாற்பத்தொன்றாம் நாள் அதில் முதல் தேதியைத் திறந்துகொண்டு உட்காருங்கள்.